கும்மிடிப்பூண்டியில் மர வீடு: நடக்கிற காரியமா?

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் மின்சார ரெயில்களில் காலை நேரத்தில் கூட்டம் அதிகம். அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று வரிசையாக ஆட்கள் இறங்குவார்கள். கடைசியில் கும்மிடிப்பூண்டி வரும். அங்கே பெட்டி காலியாகிவிடும்.

இறங்குகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவு வேலை முடித்தவர்கள் எதிர்ப் பக்கத்தில் நிற்பார்கள். இந்த ஊரில் ஆலை இருக்கிறது. வேலை இருக்கிறது. சம்பளமும் கிடைக்கிறது. ஆனால் வேலை செய்கிறவன் குடித்தனம் நடத்த ஒரு வீடு மட்டும் எளிதில் கிடைப்பதில்லை.

இந்த நிலையில் ஒரு யோசனை எழுந்திருக்கிறது. தொழில் நடக்கிற பகுதியிலேயே, சின்னஞ்சிறு மனையில், மரத்தால் சிறிய வீடுகள் கட்டினால் என்ன? மேல்நாடுகளில் மர வீடுகள் கட்டுகிறார்களே, இங்கே கட்டக் கூடாதா?

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையான் விடுமா? நெருப்பு விடுமா? புயல் விடுமா? சட்டம் விடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வேலை வந்தது, வீடு வரவில்லை

தொழில் வளர்ச்சிக்காகத் தமிழ்நாடு அரசு 1971-ம் ஆண்டில் "சிப்காட்" நிறுவனத்தைத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் அதன் தொழிற்பேட்டை அமைந்தது. இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ஆலைகளும் வந்தன. பிறகு தேர்வாய்க்கண்டிகையில் இன்னொரு பேட்டை வந்தது. அங்கே டயர் ஆலை எழுந்தது. கடற்கரைப் பக்கம் அனல் மின் நிலையமும், காமராசர் துறைமுகமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் தொழிற்பேட்டை உண்டு.

முதலில் சுற்று வட்டாரத்து ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். பிறகு ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம், அசாம் என்று தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கனத்த வேலை, சூடான வேலை, உயரத்தில் ஏறும் வேலை இவற்றில் பெரும்பங்கு இன்று அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

வந்தவர்கள் எங்கே தங்குகிறார்கள்? பக்கத்துக் கிராமங்களில் வரிசையாக "லைன் வீடு" கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். பல இடங்களில் மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம். ஓர் அறையில் பலர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனதும், இரவு ஷிப்டுக்காரன் அதே பாயில் படுக்கிறான். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே பகலில் தூங்குவது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தூங்காதவன் உலையின் முன்னே நிற்கிறான். விபத்து நடந்தால் "கவனக்குறைவு" என்று எழுதப்படுகிறது. தூக்கக்குறைவு என்று யாரும் எழுதுவதில்லை!

சுவர் விழுந்த இரவு

தங்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு சோகச் சான்று உண்டு.

2014-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. செங்குன்றத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த ஒரு கிடங்கின் உயரமான சுவர், மழையில் சரிந்து விழுந்தது. சுவரை ஒட்டிக் குடிசைகள் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த 11 தொழிலாளர்கள் மாண்டு போனார்கள். அவர்கள் ஆந்திராவிலிருந்து கட்டிட வேலைக்கு வந்தவர்கள்.

அவர்களைக் கொன்றது சுவர் மட்டும்தானா? இல்லை. கட்டிடம் கட்ட இடம் பார்த்தவர்கள், கட்டுகிறவன் படுக்க இடம் பார்க்கவில்லை. மிச்சமிருந்த மூலையில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மிச்ச மூலை ஆபத்தான மூலையாக இருந்தது.

சட்டம் சொன்ன அளவு

வெளிமாநிலத் தொழிலாளருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 1979-ம் ஆண்டிலேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் பற்றிய மத்தியச் சட்டம் வந்தது. தகுந்த தங்குமிடம் கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்று அது கூறியது.

1980-ல் வந்த விதிகள் அளவையும் சொல்லிவிட்டன. குடும்பத்தோடு வந்தவருக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் அறை. அதாவது சுமார் 107 சதுர அடி. அதோடு ஒரு தாழ்வாரம், சமைக்க மூடிய இடம். தனியாக வந்தவர்கள் சேர்ந்து தங்கினால், ஒரு கூடத்தில் 10 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு 6.5 சதுர மீட்டர், அதாவது 70 சதுர அடி இடம் வேண்டும்.

இந்தச் சட்டம், 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது.

நாற்பது ஆண்டுகளாக 70 சதுர அடி புத்தகத்தில் இருந்தது. பாய் விரித்த அறையில் அது இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாடு இதைக் கண்ணால் பார்த்தது. வேலை நின்றதும் தங்க இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலைகளில் வடக்கு நோக்கி நடந்தார்கள். அதன் பிறகு, அதே ஆண்டு ஜூலையில், நகரங்களில் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

படுக்கையா? வீடா?

தமிழ்நாட்டில் பெரிய முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. காஞ்சீபுரம் மாவட்டம் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், பெண் தொழிலாளர்களுக்காக மாபெரும் விடுதி கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டு 17-ந் தேதி திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். 13 கட்டிடங்கள். ஓர் அறைக்கு 6 பேர் வீதம் 18,720 பேர் தங்கலாம்.

நல்ல காரியம். பாராட்ட வேண்டியதே. பாதுகாப்பும் சுத்தமும் உள்ள படுக்கை ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை.

ஆனால் படுக்கை வேறு, வீடு வேறு. 20 வயதில் தனியாக வருகிறவருக்கு விடுதி போதும். 28 வயதில் மனைவியும் குழந்தையும் வந்தால்? அவர்களுக்கு அடுப்பு வேண்டும். கதவு வேண்டும். பிள்ளை படிக்க மூலை வேண்டும். பத்து மாடி விடுதியில் அதற்கு இடமில்லை.

சிறிய மர வீடு என்ற யோசனைக்கு மதிப்பு இருப்பது இந்த இடத்தில்தான்.

மரம் என்றால் குடிசையா?

தமிழ்நாட்டில் "மர வீடு" என்று சொன்னால் ஜனங்கள் நினைப்பது குடிசையைத்தான். அதற்குக் காரணம் உண்டு. ஓலையும் கழியும் சேர்ந்த குடிசைகள் கோடைதோறும் எரிந்ததைப் பார்த்த மாநிலம் இது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, ஏழைக்குக் கல் வீடு என்பதே லட்சியமாக இருந்தது. 2024-ல் அறிவிக்கப்பட்ட "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்திலும் கான்கிரீட் கூரைதான். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி என்று அதில் கணக்கு.

ஆனால் பழைய சென்னை மரத்தால் நின்ற ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. "மெட்ராஸ் டெரஸ்" என்று பெயர் பெற்ற மொட்டை மாடி எப்படி நின்றது? தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்திவைத்து, சுண்ணாம்புக் காரை பூசினார்கள். ஜார்ஜ் டவுனில் கீழே கடை, மேலே குடித்தனம். ஏறுவதற்கு மரப்படி. பகலெல்லாம் வியாபாரம் நடக்கும் தெருவிலேயே குடும்பங்களும் வாழ்ந்தன. சிங்கப்பூருக்குப் போன தமிழர்கள் அங்கேயும் இதே மாதிரி கடைவீடுகளைக் கண்டார்கள். சிராங்கூன் சாலையில் இன்றும் அவை நிற்கின்றன.

பர்மாத் தேக்கு கப்பலில் வந்த காலம் அது. அந்தமான் படாக்கு மரமும் வந்தது. அந்தமானில் 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை அந்தக் கதைக்குச் சாட்சி.

பிறகு காடு குறைந்தது. 1993-ல் மத்திய பொதுப்பணித் துறை தன் கட்டிடங்களில் மரம் கூடாது என்று நிறுத்தியது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. ஜன்னல் அலுமினியம் ஆயிற்று. கதவு பிளாஸ்டிக் ஆயிற்று. ஆசாரிகள் வேறு வேலைக்குப் போனார்கள்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2020-ல் மத்திய பொதுப்பணித் துறை அந்தத் தடையை நீக்கிவிட்டது. சிமெண்டு தயாரிப்பில் கரியமிலவாயு மிகுதியாக வெளியாகிறது. வளரும் மரமோ அதை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. தோட்டத்தில் நட்டு வளர்த்த மரத்தைப் பயன்படுத்தினால் காடும் அழியாது, காற்றுக்கும் நல்லது என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். ஜப்பான் 2010-ல் பொதுக் கட்டிடங்களில் மரத்தை ஊக்குவிக்கத் தனிச் சட்டமே போட்டது. நார்வேயில் 2019-ல் 18 மாடி மரக் கட்டிடம் எழுந்தது. 1666-ல் எரிந்து சாம்பலான பின் மரச்சுவர் கூடாது என்று சட்டம் போட்ட லண்டனிலும் இன்று மரக் கட்டிடங்கள் எழும்புகின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேசிய மாதிரி ஆய்வு எடுப்பவர்கள் எதைப் "பக்கா" வீடு என்று எண்ணுகிறார்கள்? செங்கல், சிமெண்டு, கல் மட்டுமல்ல. தகரமும், ஆஸ்பெஸ்டாசும், மரமும், பிளைவுட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே, கணக்கில் மர வீடு பக்கா வீடுதான். கணக்கில் தகரக் கொட்டகையும் பக்காதான்! பெயர் பக்காவாக இருந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எந்த மரம்?

தேக்கு என்றால் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. அது வால்டாக்ஸ் ரோடு மரக்கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்புகிற மரம்.

ஆனால் பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிக் கடலோர மணலில் சவுக்கு வளர்கிறது. அந்தக் காலத்தில் சென்னையின் அடுப்புக்கு விறகு கொடுத்த மரம் அது. இன்று சாரம் கட்டவும், பந்தல் போடவும், காகித ஆலைக்கும் போகிறது. சவுக்கு கெட்டியான மரம். ஆனால் பலகையாக அறுத்தால் வெடிக்கும், முறுக்கும். மண்ணில் நட்டால் விரைவில் உளுத்துப்போகும். ஆகவே அதை உருண்டைக் கழியாகவே, மண் படாமல் பயன்படுத்த வேண்டும்.

வேம்பு, பூவரசு, வாகை ஆகியவை கிராமத்து ஆசாரிகளுக்குப் பழகிய மரங்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் மரம், பால் வற்றியபின் வெட்டப்படுகிறது. மருந்து ஏற்றினால் அது பலகைக்கு உதவும். மலைவேம்பு விரைவில் வளர்வதால் விவசாயிகள் பலர் நட்டிருக்கிறார்கள்.

பனங்கை உறுதியானது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. அது நியாயமே. பனையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கரையான், நெருப்பு, காற்று

முதல் எதிரி கரையான். வைரம் பாய்ந்த தேக்கை அது எளிதில் தொடாது. மற்ற மரங்களில் வெளிறுள்ள பகுதியை விடாது.

இதற்கு மருந்து கண்டவர் ஓர் இந்தியரே என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொந்தி காமேசம், 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த ஒரு மருந்தைக் கண்டார். மரத்துக்குள் அழுத்தி ஏற்றினால், கரையானும் பூஞ்சையும் அண்டாது. உலகமெங்கும் தந்திக் கம்பங்களும் ரெயில் கட்டைகளும் அந்த மருந்தால் நீண்ட நாள் நின்றன.

ஆனால் ஆர்செனிக் விஷம். குடியிருக்கும் வீடுகளுக்கு அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 2003-க்குப் பிறகு பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். குழந்தை கை வைக்கும் சுவரில் அது வேண்டாம். மழை படாத உள் மரத்துக்குப் போராக்சு, போரிக் அமில மருந்து போதும். அதைவிட முக்கியம், மரம் மண்ணைத் தொடக் கூடாது. கல் தூணின் மேல், இடையே ஒரு தகட்டுத் தொப்பி வைத்து, அதன் மேல்தான் வீட்டை நிறுத்த வேண்டும். கரையான் ஏறினால் தகட்டுக்கு வெளியே மண் பாதை போட வேண்டியிருக்கும். அது கண்ணில் படும், தட்டிவிடலாம்.

இரண்டாவது நெருப்பு. மெல்லிய கழியும் ஓலையும் பற்றினால் நொடியில் போய்விடும். கனமான கட்டை அப்படி அல்ல. வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். கனத்த மரம் நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரிகிறது. காய்ச்சிய இரும்பு எப்படி வளையும் என்பது கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்குத் தெரியாததா? இரும்புத் தூணும் நெருப்பில் தளர்ந்துவிடும்.

இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். அடுப்பங்கரைச் சுவருக்குச் சிமெண்டுப் பலகை அடிக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வெளியே இருக்க வேண்டும். மின்சாரக் கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே செங்கல் சுவர் ஒன்று நின்றால், ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குத் தாவாது.

மூன்றாவது காற்று. 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னை அருகே கரை கடந்ததை இந்தப் பகுதி மறக்காது. சென்னை வட்டாரத்தில் கட்டிடம் கட்டுகிறவர்கள், மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றை மனதில் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கல் வீட்டைக் காற்று தள்ளும். மர வீட்டையோ தூக்கும்! அது கனமில்லாதது. ஆகவே கூரை சுவரோடும், சுவர் தரையோடும், தரை அடிக்கல்லோடும் இரும்புப் பட்டையாலும் போல்ட்டாலும் பிணைக்கப்பட வேண்டும். ஓடு போட்டால் ஓட்டையும் கம்பியால் கட்ட வேண்டும். இரும்புக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது பல இடங்களில் நீர் புகுந்தது. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பெருகும் பூமி இது. வீடு தரையிலிருந்து இரண்டரை அடி உயர்ந்து நிற்பது கரையானுக்கும் நல்லது, வெள்ளத்துக்கும் நல்லது.

288 சதுர அடி

அகலம் 12 அடி, நீளம் 24 அடி. மொத்தம் 288 சதுர அடி. இதற்குள் ஒரு குடும்பம் வாழ முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்னால் 4 அடித் தாழ்வாரம். அழுக்கு உடையையும் பூட்ஸையும் கழற்றி வைக்கவும், மாலையில் உட்காரவும் அது வேண்டும். அடுத்து 12-க்கு 11 அடியில் பெரிய அறை. அதன் பரப்பு 132 சதுர அடி. அறை ஒன்றே உள்ள வீட்டுக்கு 9.5 சதுர மீட்டர் வேண்டும் என்று தேசியக் கட்டிடக் கோட்பாடு கூறுகிறது. இது 12 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. பின்னால் 7-க்கு 9 அடிச் சமையலறை. பக்கத்தில் 5-க்கு 9 அடியில் குளியலறையும் கழிவறையும். தண்ணீர் புழங்கும் அந்த மூலையை மட்டும் செங்கல்லில் கட்டிவிட வேண்டும். மரத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது. மேலே ஒரு பரண். பெட்டியும் படுக்கையும் அங்கே போகும்.

சட்டத்துக்கும் தரைக்கும் பலகைக்கும் சேர்த்து இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏறக்குறைய 120 கன அடி மரம் பிடிக்கும். பட்டறையில் அறுத்து, துளை போட்டு, எண் எழுதிக் கொண்டுவந்தால், அடிக்கல் போட்ட இடத்தில் சில நாளில் பூட்டிவிடலாம். மாதக் கணக்கில் மணலும் ஜல்லியும் தெருவை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். லாரி ஓயாமல் போகும் தொழில் வீதியில் இது பெரிய சௌகரியம்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கான்கிரீட்டு கடத்தும் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் மரம் கடத்தும். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்குகிற குணமும் மரத்துக்கு இல்லை. ஆனால் கூரை மெல்லிய தகரமாக இருந்தால் இந்த நன்மை எல்லாம் வீண். ஓட்டுக்குக் கீழே பலகையும், இடையில் காற்றுப் போக வழியும் வேண்டும்.

மரத்துக்கு ஒரு குறையும் உண்டு. கனமில்லாத சுவர் சத்தத்தைத் தடுக்காது. ஆலைச் சத்தத்தில் பகலில் தூங்க வேண்டியவனுக்கு இது பெரிய குறை. சுவரை இரட்டையாக்கி நடுவில் தேங்காய் நாரோ, கல் பஞ்சோ அடைக்க வேண்டும். ஆலைப் பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது. செலவு கூடும். ஆனால் இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் அது வீடாக இருக்காது, பெட்டியாக இருக்கும்.

மனை எங்கே?

இவ்வளவு தூரம் வந்தபின் உண்மையான முட்டுக்கட்டை தெரிகிறது. அது கரையான் அல்ல, நெருப்பும் அல்ல. மனை!

சிப்காட் நிலம் தொழிலுக்காக நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. யாரும் அங்கே மனை வாங்கிக் குடியேற முடியாது. நகரமைப்புத் திட்டத்தில் தொழில் பகுதி வேறு, குடியிருப்புப் பகுதி வேறு. இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பக்கத்து மீனவர் குப்பங்களில் ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அபாயமான ஆலையின் வாசலில் தொட்டில் கட்டுவது தவறு.

ஆனால் எல்லாத் தொழிலும் அபாயமான தொழில் அல்ல. கடைவீதி, கிடங்கு, சிறு பட்டறை, பஸ் நிலையம் இவற்றை ஒட்டி மனிதர்கள் வாழலாம். வாழ்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவிலும், திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்திலும் இது புதிதல்ல. அப்படிப்பட்ட இடங்களில் சிறு மனைகளைப் பிரித்து, வாடகை வீடுகளுக்கென்று ஒதுக்கினால், நடந்தே வேலைக்குப் போகலாம். வீடு கட்ட அனுமதி வாங்குவதும் முன்னைவிட எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் கட்டும் சிறு வீட்டுக்குச் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்துவிட்டது.

ஒரு சொல்லின் அபாயம்

மர வீட்டுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. கழற்றலாம், வேறு இடத்தில் பூட்டலாம். நிலத்தைச் சொந்தமாக விட்டுக்கொடுக்க மனமில்லாத முதலாளிகளுக்கு இது பிடிக்கும். "பத்து வருஷத்துக்குத்தானே, தற்காலிகமாக இருக்கட்டும்" என்பார்கள்.

அபாயம் இங்கேதான் இருக்கிறது. "தற்காலிகம்" என்ற சொல் இந்த ஊரில் எத்தனை ஆண்டு நீண்டது என்பதைக் கும்மிடிப்பூண்டியே சொல்லும்.

1990-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களுக்கு இங்கே முகாம் அமைந்தது. அந்தக் காலத்து முகாம்களில் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி அறைகள். தகரமும் தார் அட்டையும் கூரை. சண்டை ஓய்ந்தால் போய்விடுவார்கள் என்று எண்ணிக் கட்டியவை. குழந்தையாக வந்தவர்கள் அங்கேயே வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றார்கள். பெயிண்ட் வேலைக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2021-ல்தான் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றி, மாநிலமெங்கும் 7,469 புதிய வீடுகள் கட்டுவது உட்பட 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தை அறிவித்தது.

தற்காலிகம் என்று கட்டினால், தண்ணீர்க் குழாய் தற்காலிகம் ஆகிவிடும். சாக்கடை தற்காலிகம் ஆகிவிடும். ரேஷன் கார்டும் பள்ளிக்கூடச் சேர்க்கையும் தற்காலிகம் ஆகிவிடும். மனிதன் மட்டும் நிரந்தரமாக அங்கேயே இருப்பான்!

ஆகவே, மர வீடு வேண்டுமானால் அது நிலையான வீடாகவே எண்ணப்பட வேண்டும். கழற்ற முடியும் என்பது வீட்டின் குணமாக இருக்கலாம். அதில் இருப்பவனைக் கழற்றிவிடும் உரிமையாக அது மாறக் கூடாது.

செய்யத் தக்கது என்ன?

ஒரேயடியாக ஆயிரம் வீடு கட்ட வேண்டியதில்லை. முதலில் பத்து வீடு போதும். கும்மிடிப்பூண்டியில் அபாய ஆலைகளிலிருந்து விலகிய ஓரிடத்தில், ஒரு வரிசையாகக் கட்டிப் பார்க்கட்டும். பெங்களூரில் மர விஞ்ஞானத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு மருந்தேற்றும் முறையைக் கேட்கட்டும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு சத்தம், கரையான் வந்ததா, கூரை ஒழுகிற்றா என்று குடியிருக்கும் தொழிலாளியையும் அவர் மனைவியையும் கேட்கட்டும். மேஜையில் போட்ட கணக்கைவிட அவர்கள் சொல்வது மெய்யாக இருக்கும்.

வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அரசே போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. மர வீட்டின் செலவை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கூடினால் ஏன் கூடிற்று என்று சொல்லட்டும். குறைந்தால் எல்லாருக்கும் லாபம். மரம் விற்கும் பொன்னேரி விவசாயிக்கு லாபம். வேலையிழந்த ஆசாரிக்கு லாபம்.

மரம் போதாது என்று சொல்லி வீட்டை மறுக்க முடியாது. மரம் இருக்கிறது என்று சொல்லி மனையை மறுக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் வீடு.

இரும்பை உருக்கி நாட்டுக்குத் தூண் வார்க்கிறவன், தகரத்தின் கீழே வேகிறான். அவனுக்கு வேண்டியது மாளிகை அல்ல. 288 சதுர அடி நிழலும், உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு கதவும்தான். அதைக் கொடுக்க இந்த மாவட்டத்தால் முடியும்.